எட்டை விட்டு எண்ணாதீர்

தீவனக் கூட்டுச் சங்கத்தின் சிறப்புப் பொதுக்குழுவில் உறுப்பினர் சென்னியம்மாள் ஆற்றிய உரை. நாமக்கல், 1988 ஆவணி.

இந்தப் பேரவையின் தலைமை இருக்கையில் அமைதியும் அழுத்தமுமாய் வீற்றிருக்கும் சங்கத் தலைவர் குமாரசாமி அவர்களே! அவருக்கு வலப்புறத்தில் இன்று தலையைத் தாழ்த்தி அமர்ந்திருந்தாலும், தாழ்த்த வேண்டிய தேவை சிறிதும் இல்லாத செயலாளர் சின்னுசாமி அவர்களே! ராசிபுரம், பரமத்தி, மோகனூர், சேந்தமங்கலம் என்று நாலு திசையிலும் நமக்குத் தீவனம் அரைத்துத் தரும் நாலு மில்லின் பொறுப்பாளர்களே! கோழிக்கும் லாரிக்கும் ஒரே சமயத்தில் கவலைப்படும் பெரியோர்களே! தண்ணீர்த் தொட்டி கழுவி, முட்டை பொறுக்கி, அட்டையில் அடுக்கி, வண்டி ஏற்றி அனுப்பிவிட்டு அந்த ஈரம் காயாத கையோடு வந்து பின்வரிசையில் அமர்ந்திருக்கும் என் தாய்மார்களே! அந்தத் தாய்மார்களுக்கு நடுவே, தூணோரத்தில், ஒரு வார்த்தையும் பேசாமல் உட்கார்ந்திருக்கும் சேந்தமங்கலத்துப் பாவாயி அம்மாளே! உங்கள் அனைவருக்கும் இந்தச் சென்னியம்மாளின் சிரம் தாழ்ந்த வணக்கம்.

இன்று எனக்கு இங்கே பேசுவது எளிதல்ல. ஏன் எளிதல்ல என்பது உங்களுக்கும் தெரியும். நம் முன்னே ஒரு தீர்மானம் கிடக்கிறது. கொண்டுவந்தவர் லாரி அதிபரும் பண்ணையாளருமான செங்கோட்டையன். தீர்மானம் என்ன சொல்கிறது? சங்கத்தின் கம்ப்யூட்டரை நிறுத்த வேண்டும். அதில் தீவனக் கணக்கு எழுதும் கண்ணாத்தாளை வேலையிலிருந்து விலக்க வேண்டும். பழையபடி கையால் எழுதிய கலவைச் சீட்டுக்கே திரும்ப வேண்டும். இன்று கை தூக்கி முடிவு செய்யப் போகிறோம்.

கண்ணாத்தாள் யார்? என் மகள் வயிற்றுப் பேத்தி.

இதோ, செங்கோட்டையன் எழுந்துவிட்டார். என்னங்க, என்ன? "பேத்திக்கு வக்காலத்து வாங்க வந்துட்டீங்களா ஆத்தா"னு கேக்கறீங்களா? ஆமாங்க. வாங்கத்தான் வந்தேன். ஊரான் பேத்திக்கு வாங்குவேன், என் பேத்திக்கு வாங்க மாட்டேனா? உக்காருங்க சாமி, உங்க பேத்திக்கு ஒண்ணுன்னா நானே மேடையேறி வாரேன்.

சிரித்துவிட்டோம். இனிச் சிரிப்பதற்கு அதிகம் இல்லை. நான் ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூட வாசலைத் தாண்டியவள். கம்ப்யூட்டரின் வயிற்றுக்குள் என்ன இருக்கிறது என்று கேட்டால் எனக்குத் தெரியாது. ஆனால் செத்துப்போன குஞ்சைக் கூடையில் அள்ளும்போது அந்தக் கூடை எப்படிக் கனக்கும் என்பது எனக்குத் தெரியும். ஆகவே கருவியின் கதையைக் கருவியிலிருந்து தொடங்காமல் கூடையிலிருந்து தொடங்குகிறேன்.

பாவாயியின் கணவர் லாரி ஓட்டுகிறவர். வடக்கே லோடு ஏற்றிப் போனால் திரும்புவதற்கு மாதம் ஆகும். கொட்டகை முழுக்கப் பாவாயியின் பொறுப்பு. இந்த ஆடி மாதத்தில் புதுக் குஞ்சு இறக்கினாள். பஞ்சு உருண்டைகளைப் போன்ற குஞ்சுகள். சேந்தமங்கலம் மில்லில் நம் சங்கச் சீட்டின்படி அரைத்த குஞ்சுத் தீவனத்தையே போட்டாள். குஞ்சுகள் தின்றன. தின்றுவிட்டுத் தண்ணீர் குடித்தன. குடித்துவிட்டு மறுபடியும் குடித்தன. அடியில் பரப்பிய உமி சொதசொதவென்று நனைந்தது. அப்புறம் ஒவ்வொன்றாய்க் கால் மடங்கி விழுந்தன. பக்கத்துக் கொட்டகைக்காரர்கள் நோய் என்றார்கள். காற்று என்றார்கள். கண்ணேறு என்றார்கள். பாவாயி என்ன செய்தாள்? ஒரு சிட்டிகைத் தீவனத்தை எடுத்துத் தன் நாக்கில் வைத்தாள். அன்று அவள் கொட்டகை வாசலில் நானும் நின்றிருந்தேன், கண்ணாத்தாளும் நின்றிருந்தாள். பாவாயி துப்பிவிட்டுச் சொன்ன சொல் இன்னும் என் காதில் இருக்கிறது.

"ஆத்தா, உப்புக் கரிக்குதுங்க. கருவாட்டுக் கொழம்பாட்டம் கரிக்குது. இதையா ஏங் குஞ்சுகளுக்குப் போட்டேன்?"

அவையோரே! அந்த உப்பு எங்கிருந்து வந்தது? யார் போட்டது? இதற்கு விடை சொல்லாமல் தீர்மானத்துக்குக் கை தூக்கினால் நாம் தூக்குவது வெறுங்கை. அதனால் பொறுமையாகக் கேளுங்கள்.

நம் சங்க அலுவலகத்தில் ஒரு கம்ப்யூட்டர் இருக்கிறது. நாலு மில்லிலும் தலா ஒன்று இருக்கிறது. மக்காச்சோளம் இன்று இப்படி வருகிறது, புண்ணாக்கு நாளை அப்படி வருகிறது, தவிடு ஒரு மாதம் கிடைக்கும், ஒரு மாதம் கிடைக்காது. வருகிற சரக்குக்குத் தகுந்தபடி எதை எவ்வளவு கலக்க வேண்டும் என்று கணக்குப் போடும் ஒரு நிரலைக் கண்ணாத்தாள் எழுதினாள். நிரல் என்றால் கம்ப்யூட்டருக்குச் சொல்லும் வேலை வரிசை, அவ்வளவுதான். சரக்கு மாறும்போதெல்லாம் அந்த நிரலையும் மாற்ற வேண்டும். மாற்றிய நிரலை ஒரு பிளாப்பியில், அந்தக் கறுப்புச் சதுரத் தட்டில், பிரதி எடுக்க வேண்டும். தட்டின் மேல் ஒரு காகிதத் துண்டு ஒட்டி, அதில் இது எத்தனையாவது மாற்றம் என்று பேனாவால் எண் எழுத வேண்டும். அதை உறையிலிட்டு டவுன் பஸ் கண்டக்டரிடம் கொடுத்து நாலு மில்லுக்கும் அனுப்ப வேண்டும். கம்ப்யூட்டர்காரர்கள் அந்த எண்ணை வெர்ஷன் என்பார்கள். தட்டை அனுப்புவதை வெளியீடு என்பார்கள். பதிப்பாளர் புத்தகத்துக்கு முதற்பதிப்பு, இரண்டாம் பதிப்பு என்று போடுவதில்லையா? அதைப் போலத்தான்.

முதலாவது போயிற்று. இரண்டாவது போயிற்று. ஏழாவது வரைக்கும் எந்தக் குறையும் இல்லை. அடுத்தது என்ன எண்?

ஏன் வாயை மூடிக்கொண்டீர்கள்? சொல்ல மாட்டீர்கள். எனக்குத் தெரியும், சொல்ல மாட்டீர்கள்! இது நாமக்கல். லாரிக்குக் கூடு கட்டும் பட்டறையில் வண்டி பளபளவென்று நிற்கும். சேசிஸ் புதிது, பெயின்ட் புதிது, முன்னால் கட்டிய எலுமிச்சம்பழமும் புதிது. நம்பர் வந்ததும் முதலாளி விரல் மடக்கிக் கூட்டிப் பார்ப்பார். கூட்டுத் தொகை எட்டு என்று வந்தால் வண்டி மேல் கை வைக்க மாட்டார். எட்டாம் தேதி கோழி இறக்க மாட்டோம். எட்டாம் நம்பர் வீட்டுக்கு வாடகைக்குப் போக மாட்டோம். அந்த எட்டு ஒரு காகிதத் துண்டில் எழுதப்பட்டு, ஒரு தட்டின் மேல் ஒட்டப்பட்டு, நம் மில்களுக்குப் போனது.

என்ன நடந்தது? மோகனூர் மில் அந்த உறையைத் திருப்பி அனுப்பியது. பரமத்தியிலிருந்து ஆள் வந்தார். செயலாளர் மேசை முன்னால் நின்று அவர் சொன்னது இது: "ஏனுங்க சின்னுசாமி, எட்டுன்னு எழுதி அனுப்பியிருக்கறீங்களே, எங்க மில்லு நல்லா ஓடறது உங்களுக்குப் பொறுக்கலீங்களா?"

நம் சின்னுசாமி எப்படிப்பட்ட மனிதர்? யார் மனமும் கோணக் கூடாது என்று நினைக்கிறவர். மற்ற மில்களின் தட்டுகளையும் திரும்ப வரவழைத்து, நாலு காகிதத் துண்டையும் உரித்தார். புதுத் துண்டு ஒட்டினார். எட்டாவது தட்டின் மேல் ஒன்பது என்று எழுதினார். "இந்தாங்க, ஒம்பது. இப்பச் சரிதானுங்களே?" என்றார். சரி என்று எல்லாரும் வாங்கிப் போனார்கள். கெட்ட எண்ணமா? இல்லை. சோம்பலா? இல்லை. ஊர் மனத்துக்கு ஊர்க்காரர் ஒருவர் செய்த மரியாதை அது. அடுத்த முறை பத்து என்று எழுதிக்கொள்ளலாம் என்று அவர் மனத்துக்குள் ஒரு கணக்கு இருந்தது. அந்தக் கணக்கு அவர் மனத்தை விட்டு வெளியே வரவில்லை.

இதை நான் துப்புத் துலக்கிச் சொல்லவில்லை. நிர்வாகக் குழுவில் அவரே எழுந்து, அவர் வாயாலேயே சொன்னார். அப்படிச் சொல்ல ஒரு நெஞ்சு வேண்டும்.

அந்த எட்டாவது நிரலில் ஒரு பிழை இருந்தது. அது என் பேத்தியின் பிழை. மறைக்க மாட்டேன். கருவாட்டுத் தூளைக் கலவையில் புதிதாகச் சேர்த்தாள். கருவாட்டிலேயே உப்பு இருக்கிறது. அதைக் கழிக்காமல், வழக்கமாகப் போடும் உப்பையும் அப்படியே போடச் சொல்லிவிட்டது அந்த நிரல். சில நாளிலேயே கண்ணாத்தாள் அதைக் கண்டுபிடித்தாள், திருத்தினாள். திருத்திய தட்டை உடனே அனுப்ப வேண்டும். அன்று சின்னுசாமி அலுவலகத்தில் இல்லை. திருச்செங்கோட்டில் பேரனுக்குக் காது குத்து. கண்ணாத்தாளே பேனாவை எடுத்தாள். அவள் கணக்கில் போனது எட்டு. ஆகவே இப்போது போவது ஒன்பது. ஒன்பது என்று எழுதி நாலு மில்லுக்கும் பஸ்ஸில் அனுப்பினாள்.

கேளுங்கள் அவையோரே! இப்போது ஊருக்குள் ஒன்பது என்ற பெயரில் இரண்டு தட்டு இருக்கிறது. ஒன்றில் உயிர், ஒன்றில் உப்பு. மேலே ஒட்டிய துண்டு ஒன்றே, எண் ஒன்றே, மை ஒன்றே! எது எது என்று எந்தக் கண்ணால் காண்பது?

மூன்று மில்லில் என்ன செய்தார்கள்? தட்டு வந்தது, எட்டு இல்லை என்றதும் ஏற்கனவே இருக்கும் தட்டோடு ஒத்துப் பார்க்காமலே போட்டார்கள், பிழைத்தார்கள். சேந்தமங்கலம் மில்லில் இருப்பவர் செபஸ்தியான். அவர் எதையும் சரிபார்க்காமல் செய்ய மாட்டார். உறையைப் பிரித்தார். ஒன்பது என்று இருந்தது. தட்டுப் பெட்டியைத் திறந்து பார்த்தார். அங்கேயும் ஒன்பது இருந்தது. அவர் என்னிடம் சொன்னதை அப்படியே சொல்கிறேன்: "அம்மா, ஒம்பது ஏற்கனவே ஓடிட்டிருக்குதுங்க. மறதியா இன்னொண்ணு அனுப்பிட்டாங்கன்னு நெனச்சேன். ஓடறது கெட்டுப்போனா உதவும்னு பத்திரமா எடுத்து வெச்சேனுங்க. மாதாவே, பத்திரமா எடுத்து வெச்சேனே!"

பார்க்காமல் போட்டவர்களின் மில்லில் குஞ்சு பிழைத்தது. பார்த்துப் பார்த்துச் செய்தவரின் மில்லில் குஞ்சு செத்தது. இதைவிடக் கொடிய நீதி வேறு உண்டா? அக்கறையே ஆபத்தாய்ப் போகிற ஒரு வழிமுறையை நாம் வைத்துக்கொண்டிருந்தோம். குற்றம் செபஸ்தியானிடம் இல்லை. குற்றம் சின்னுசாமியிடமும் இல்லை. அந்தப் பேனாவில் இருந்தது. கைக்கு வந்தபடி எழுதவும், கைக்கு வந்தபடி கிழிக்கவும் நாம் இடம் கொடுத்திருந்த அந்தக் காகிதத் துண்டில் இருந்தது!

செங்கோட்டையன் கேட்கிறார்: "அப்பறம் என்னத்துக்குங்க கம்ப்யூட்டரு? கைச்சீட்டுக்கே போயரலாமே?" நல்ல கேள்வி. நானும் ஒன்று கேட்கிறேன். சாமி, உங்க பழைய கைச்சீட்டுல எண் எங்கே இருந்துச்சு? போன மாசத்துச் சீட்டையும் இந்த மாசத்துச் சீட்டையும் பக்கத்துல வெச்சா எது புதுசுன்னு எதை வெச்சுச் சொல்லுவீங்க? மடிப்பு நைஞ்சிருந்தா பழசு, அதுதானுங்களே? அந்தக் காலத்தில் குஞ்சு சாகவில்லையா? செத்தது. ஏன் செத்தது என்று யாருக்கும் தெரியாமலே செத்தது. இன்று செத்ததற்குக் காரணமாவது தெரிகிறது. தெரிந்த காரணத்தைத் திருத்தாமல், தெரியாத காலத்துக்குத் திரும்பிப் போவதா?

சரி. திருத்தம் என்ன? அதைச் சொல்லத்தான் இவ்வளவு நேரமும் உங்களைக் காக்க வைத்தேன்.

பாவாயி கொட்டகையிலிருந்து திரும்பி வந்த கண்ணாத்தாள் வீட்டில் சோறு தின்னவில்லை. நான் சோற்றுத் தட்டை வைத்துக்கொண்டு நின்றேன்.

"சாப்பிடு அம்மணி."

"அம்மாயி, நம்பரைத் தட்டு மேலதான் எழுதினோம். நிரலுக்குள்ள எங்கயுமே நம்பர் கெடையாது. அதைக் கேட்டா அது யாருன்னு அதுக்கே சொல்லத் தெரியாது. அப்படி உட்டது என்னோட தப்பு."

"சின்னுசாமி மாத்தி எழுதினதுக்கு நீ என்ன பண்ணுவே கண்ணு?"

"அவரு கையில பேனாவைக் குடுத்ததே தப்பு அம்மாயி. என் கையில இருந்தாலும் அதே தப்புதான்."

அதற்குப் பிறகு அவள் செய்த ஏற்பாட்டை நான் என் கண்ணால் பார்த்தேன். நீங்களும் அலுவலகத்துக்கு வந்து பாருங்கள். கம்ப்யூட்டரின் கறுப்புத் திரையில் ஒரு சிறு கோடு கண் சிமிட்டிக்கொண்டு நிற்கும். அங்கே ஒரே ஒரு வரி அடிக்க வேண்டும். "வெளியிடு" என்று இங்கிலீஷ் எழுத்தில் அடிக்க வேண்டும். அவ்வளவுதான் மனிதர் வேலை. அடித்த நொடியில் கருவி நம்மைக் கேள்வி கேட்கத் தொடங்கும். கலவை மாறியிருக்கிறதா, அல்லது எழுத்துப் பிழை மட்டும் திருத்தியிருக்கிறதா? கலவை மாறியிருந்தால் எண்ணைத் தானே ஒன்று கூட்டிக்கொள்ளும். எழுத்து மட்டும் மாறியிருந்தால் அந்த எண்ணுக்குப் பக்கத்தில் ஒரு புள்ளி வைத்துச் சின்ன எண்ணைக் கூட்டிக்கொள்ளும். பெரிய எண் மாறினால் மில்காரர் புதுக் கலவைக்கு வேண்டிய சரக்கு மூட்டையைத் தேட வேண்டும். சின்ன எண் மாறினால் கவலையில்லாமல் இருக்கலாம். பிறகு இன்னொரு கேள்வி: என்ன மாற்றினாய், ஏன் மாற்றினாய்? இதற்கு எழுதாமல் விட்டால் மேற்கொண்டு ஓரடி நகராது. எழுதியதை முந்திய மாற்றங்களுக்குக் கீழே வரிசையாய்ச் சேர்த்து வைத்துக்கொள்ளும்.

அதோடு விட்டதா? இல்லை. குஞ்சுக்கு ஒரு கலவை, வளரும் கோழிக்கு ஒரு கலவை, முட்டையிடும் கோழிக்கு ஒரு கலவை என்று தானே கணக்குப் போட்டுப் பார்க்கும். உப்பு மிஞ்சினாலும் நிற்கும், சுண்ணாம்பு மிஞ்சினாலும் நிற்கும். எல்லாம் சரியாக இருந்தால்தான் எண்ணை நிரலுக்குள்ளேயே பொறித்து, தட்டுகளை எழுதித் தரும். அந்த எண் திரையில் தெரியும். நம் வீட்டுக்கு வரும் ஒவ்வொரு கலவைச் சீட்டின் தலையிலும் தெரியும். மில்லில் தட்டைச் செருகினால் அங்குள்ள கருவி, நீ புதிதா பழையதா என்று தட்டைக் கேட்கும். பழையது என்றால் வாங்காது. மேலே ஒட்டுகிற துண்டில் பூ வரைந்தாலும் சரி, பிள்ளையார் சுழி போட்டாலும் சரி, உள்ளே இருக்கும் எண் அசையாது!

ஒரு வேடிக்கை சொல்கிறேன். அந்தக் கருவி எதற்குப் பெயர் வைத்தாலும் எட்டு எழுத்துக்குத்தான் இடம் கொடுக்குமாம். "வெளியிடு" என்பதை இங்கிலீஷ் எழுத்தில் எழுதினால் சரியாக எட்டு எழுத்து வருகிறதாம். நாம் எட்டை வாசலில் நிறுத்தி விரட்டினோம். அது கொல்லைப்புறமாக வந்து அடுப்பங்கரையில் உட்கார்ந்திருக்கிறது. சிரியுங்கள், சிரியுங்கள். சின்னுசாமியும் சிரித்துவிட்டார், பார்த்தீர்களா? எத்தனையோ நாளைக்குப் பிறகு சிரிக்கிறார்.

நேற்று சங்க அலுவலகத்துக்குப் பாவாயியை அழைத்திருந்தோம். அவள் வருவாள் என்று எனக்கு நம்பிக்கை இல்லை. வந்தாள். கண்ணாத்தாள் எழுந்து நின்று கை கூப்பினாள். பாவாயி உட்காரவும் இல்லை, பதில் வணக்கம் சொல்லவும் இல்லை. ஒரே கேள்வி கேட்டாள்.

"தப்பா இருந்தா நிக்கும்கறியே. நெசமா நிக்குமா?"

கண்ணாத்தாள் தட்டுப் பெட்டியைத் திறந்தாள். அந்தப் பழைய தட்டை எடுத்தாள். எட்டாவது தட்டை. பாவாயியின் குஞ்சுகளைக் கொன்ற அதே நிரலைக் கம்ப்யூட்டரில் ஏற்றினாள். நாற்காலியை விட்டு விலகி, "நீங்களே பாருங்க அக்கா" என்று எழுத்துகளை ஒவ்வொன்றாகக் காட்டினாள். பாவாயி ஒற்றை விரலால் அழுத்தினாள். கடைசியில் அந்தப் பெரிய பொத்தானையும் அழுத்தினாள். கருவி கேள்வி கேட்டது, பதில் வாங்கியது, கணக்குப் போட்டது. பிறகு திரையில் ஒரு வரி வந்தது. இங்கிலீஷ் எழுத்தில் தமிழ். கண்ணாத்தாள் வாசித்துச் சொன்னாள்: "குஞ்சுத் தீவனத்தில் உப்பு மிகுதி. வெளியீடு நிறுத்தப்பட்டது."

தாய்மார்களே! தன் குஞ்சுகளைக் கொன்ற கை தடுக்கப்படுவதை ஒரு தாய் காலம் கடந்து கண்ணால் பார்த்தாள். அவள் முகத்தை நான் பார்த்தேன். அதை வருணிக்க எனக்குத் தமிழ் போதாது. முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள். "அன்னைக்கே இது இருந்திருந்தா" என்றாள். கண்ணாத்தாள் தலை நிமிரவில்லை.

அந்தக் கனத்தைக் குறைக்க நினைத்து நம் சின்னுசாமி ஒரு யோசனை சொன்னார். "அம்மணி, கருவிதான் எண்ணுதே. ஏழுக்கப்பறம் ஒம்பதுன்னே எண்ணச் சொல்லிப்போடு. அந்தப் பாழாப்போன எட்டு எங்கயுமே இருக்க வேண்டாம். மில்லுக்காரங்களுக்கும் மனசு ஆறும்." நியாயமான பேச்சுதான். கண்ணாத்தாளும் அதை மறுக்கவில்லை. "ஒரே மாதிரி எல்லாருக்கும் தாண்டுச்சுன்னா கணக்குக்குக் கெடுதல் இல்லீங்க. ஒரு பேருல ரெண்டு இருக்கக் கூடாது, அவ்வளவுதான். வேணும்னா தாண்ட வெக்கறேன்" என்றாள். தலைவரும் தலையசைத்தார். நானும் அது நல்லது என்றுதான் நினைத்தேன்.

அப்போதுதான் பாவாயி பேசினாள். என் அவையோரே, நான் இந்த மேடைக்கு வந்ததே அந்தப் பேச்சை உங்களிடம் சேர்க்கத்தான். அவளிடம் அனுமதி கேட்டுவிட்டே சொல்கிறேன்.

"எட்ட எடுக்காதீங்க. எட்ட எடுத்துப்போட்டா ஏங் குஞ்சுக செத்ததும் இல்லாமப் போயிரும். நாளைக்கு வர்ற புள்ளை ஒண்ணு, கருவாட்டுத் தூளுக்கு உப்பக் கழிக்காம இதே தப்பப் பண்ணும். அதுக்கு யாருங்க சொல்லுவா? அந்த வரிசையில எட்டுன்னு போட்டு, அதுக்கு நேரா என்ன ஆச்சுன்னு எழுதுங்க. உப்புன்னு எழுதுங்க. அது எங்கூட்டு எட்டுங்க. அத உட்டுப்போட்டு எண்ணாதீங்க."

இப்போது சொல்லுங்கள். எட்டுக்கு அஞ்ச வேண்டியவர் யார்? மோகனூர் மில்லா? பரமத்தி மில்லா? விரல் மடக்கிக் கூட்டிப் பார்க்கும் லாரி முதலாளியா? எட்டால் அடிபட்டவள் இந்த மண்டபத்தில் ஒரே ஒருத்திதான்! அவள் சொல்கிறாள், எட்டு இருக்கட்டும் என்று. அடிபடாத நாம் சொல்கிறோம், எட்டு வேண்டாம் என்று. எவர் சொல் ஏற்கத் தக்கது? எவர் சொல் எடை மிக்கது?

கெட்டதைக் கணக்கிலிருந்து கிழித்து எறிந்துவிட்டால் கெட்டது போய்விடும் என்று நினைத்தோம். போகவில்லை. பெயரை மாற்றிக்கொண்டு, ஒன்பது என்ற வேடம் போட்டுக்கொண்டு, அதுவே சேந்தமங்கலத்துக்குப் பஸ் ஏறிப் போனது. எட்டு என்ற பெயரோடேயே போயிருந்தால் என்ன ஆகியிருக்கும்? ஒன்பது வந்த அன்று செபஸ்தியான் அதைக் கழற்றி எறிந்திருப்பார். குஞ்சுகளைக் கொன்றது எட்டு என்ற எண் அல்ல, எட்டை மறைத்த ஒன்பது!

தலைவர் அவர்களே! செங்கோட்டையன் தீர்மானத்துக்கு நான் ஒரு திருத்தம் கொண்டுவருகிறேன். கம்ப்யூட்டர் நிற்க வேண்டாம், பேனா நிற்கட்டும். இனி எந்தத் தட்டும் அந்த ஒற்றைக் கட்டளை வழியாக அல்லாமல் சங்க வாசலைத் தாண்டக் கூடாது. சங்கத் தலைவரே கேட்டாலும் கூடாது, கண்ணாத்தாளே அவசரப்பட்டாலும் கூடாது, அவள் பாட்டி வந்து கெஞ்சினாலும் கூடாது. எண்ணைக் கருவியே எண்ணட்டும். அந்த வரிசையில் எட்டு எட்டாகவே இருக்கட்டும், காரணத்தோடு இருக்கட்டும்.

என் பேத்தியை வைத்துக்கொள்வதும் அனுப்புவதும் உங்கள் விருப்பம். அவளுக்காக நான் கை தூக்கப் போவதில்லை. நான் கையைத் தூக்கினால் அது ஒரு பாட்டியின் கையாக இருக்கும். அதனால் அது மடியிலேயே கிடக்கட்டும். அவளைப் பற்றி எனக்குப் பெருமை உண்டா என்று கேட்டால், உண்டு. நிரல் எழுதினாள் என்பதற்காக அல்ல. பிழை தன்னுடையது என்று தெரிந்ததும், தன் கையையே நம்பாத ஒரு வழியைத் தேடினாள். அதற்காக.

ஒன்றே ஒன்று பாக்கி. நாளைக் காலை அந்தக் கட்டளை வழியாக முதல் வெளியீடு போக வேண்டும். அதன் எண் பத்து. நீங்கள் ஒப்புக்கொண்டால் போகும். ஒப்புக்கொள்வதற்கு முன்னால் உங்களிடம் ஓர் உதவி கேட்கிறேன். என்னோடு சேர்ந்து எண்ணுங்கள். வாய் திறந்து எண்ணுங்கள். ஒன்று! பின்வரிசைக்குக் கேட்கவில்லை. இரண்டு! மூன்று! லாரிக்காரர்களின் குரல் எங்கே? நான்கு! ஐந்து! ஆறு! ஏழு!

ஏன் நின்றுவிட்டீர்கள்?

பாருங்கள், நானும் சொல்லவில்லை. நானும் இந்த ஊர்க்காரிதானே.

கேட்டீர்களா? தூணோரத்திலிருந்து ஒரு குரல் வந்தது. தனியாக வந்தது. மறுபடியும் சொல் பாவாயி. எழுந்து நின்று சொல் சாமி.

"எட்டு."

இப்போது எல்லாரும்! சின்னுசாமி அவர்களே, நீங்களும் தலை நிமிர்ந்து சொல்லுங்கள். செபஸ்தியான், நீங்களும். செங்கோட்டையன் எழுந்துவிட்டார், அவர் குரல்தான் எல்லாரையும்விடப் பெரிதாகக் கேட்கிறது. எட்டு! ஒன்பது! பத்து!

எண்ணி முடித்துவிட்டோம். யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. இனி உங்கள் கைகள் தீர்மானிக்கட்டும்.

பேச இடம் தந்த தலைவருக்கும், குறுக்கே பேசி எனக்கு மூச்சு வாங்க இடைவெளி தந்த செங்கோட்டையனுக்கும், கோழிக்குத் தண்ணீர் வைக்கும் வேளை தாண்டியும் கலையாமல் இருந்த தாய்மார்களுக்கும் என் நன்றி. பாவாயிக்கு நன்றி சொல்ல எனக்குத் தகுதி இல்லை. அவளுக்கு என் வணக்கம் மட்டும். எல்லாரும் நல்லா இருங்க சாமி. வாரேன்.